இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால் முதலில் எதைச் செய்வது? தண்ணீர், மாத்திரை, பரிசோதனை: ஒரு ஒப்பீடு

“அப்பா ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். சாயங்காலத்துக்கு மேல் தண்ணி கொடுக்காமல் நிறுத்திப் பார்க்கலாமா, இல்லை நேராக ப்ராஸ்டேட் டாக்டரிடம் போய்விடலாமா?” இந்த ஒரு வருடத்தில் இதை என்னிடம் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேராவது இருப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது தெரிந்துதான் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. 71 வயது அப்பாவுக்காக இந்த வழிகளில் பாதியைச் செய்து பார்த்து, அதிலும் தப்பான வழியில் முதலில் போய், பட்டுத் தெரிந்துகொண்டவள்.

அப்பாவுக்கு ஒரு தடவை என்று இருந்தது இரண்டாகி, நாலாக ஆனது இரண்டு வருடத்தில். “வயசானா எல்லாருக்கும் இப்படித்தான்” என்று அவரே சொல்லிக்கொண்டார், நாங்களும் விட்டுவிட்டோம். பிறகு அவருடைய நண்பர் ஒருவர், தனக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) மாத்திரையின் பெயரைச் சொல்ல, அப்பா சீட்டு இல்லாமலே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டரை மணிக்குக் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போக எழுந்தவர், நிலைப்படியில் தலை சுற்றி விழுந்தார். நெற்றியில் நாலு தையல். இடுப்பு எலும்பு உடையாமல் போனதே பெரிது. அதற்கப்புறம் முறையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய ப்ராஸ்டேட் அந்த வயதுக்கு இருக்கும் அளவில்தான் இருந்தது, இரவுத் தொல்லைக்குக் காரணம் வேறு எங்கேயோ இருந்தது.

## எதை வைத்து ஒப்பிடப் போகிறோம்

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகள் கேட்டுப் பார்க்கிறேன். காரணத்தைப் போய்த் தொடுகிறதா, இல்லை தொல்லையை மட்டும் அமுக்கி வைக்கிறதா? பலன் தெரிய எத்தனை நாள்? என்ன செலவு, அதில் முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவு எது? வயதானவருக்கு என்ன ஆபத்து? கடைசியாக, வீட்டில் யார் தலையில் விழுகிறது இந்த வேலை? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அப்பா நாலு தடவை எழுந்தால் அம்மாவும் நாலு தடவை எழுந்துகொண்டிருந்தார்.

முதல் கேள்விக்கு மற்றதை விட அதிக எடை கொடுக்கிறேன், காரணம் இருக்கிறது. இரவில் ஒரு தடவை எழுவதை டாக்டர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டும் அதற்கு மேலும் ஆனால்தான் கவனிக்க வேண்டியது என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படி எழுகிறவர்களுக்குக் கீழே விழும் அபாயம் மற்றவர்களை விட ஏறத்தாழ 1.2 மடங்கு, எலும்பு முறியும் அபாயம் சுமார் 1.3 மடங்கு, இறப்பு அபாயமும் கிட்டத்தட்ட 1.3 மடங்கு என்று வந்திருக்கிறது. கடைசி எண்ணைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். சிறுநீர் போவதால் யாரும் சாவதில்லை. அதற்குப் பின்னால் பல வருடமாகச் சத்தமில்லாமல் இருக்கும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பலவீனமான இதயம், பழுதாகிவரும் சிறுநீரகம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, இவைதான் அந்த எண்ணுக்குள் பெரும்பாலும் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் தொல்லையை மட்டும் நிறுத்தி அடையாளத்தைத் தொலைத்துவிடுகிற வழி எதுவோ, அதைப் பார்த்து எனக்குப் பயம்.

## எந்த வழிக்கும் முன்னால்: மூன்று நாள் கணக்கு

இது ஒரு வழி இல்லை, எல்லா வழிக்கும் வாசல். எங்களுக்கு இதை யாரும் முதல் வருடத்தில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்த நாலு தையல் இல்லை.

மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒன்று, ஒரு நோட்டு, ஒரு பேனா. மூன்று பகல், மூன்று இரவு. ஒவ்வொரு தடவையும் மக்கில் போய், மணியும் அளவும் எழுத வேண்டும். குடித்ததையும் எழுத வேண்டும், காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேர்த்து. படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டும் முக்கியம். காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர் இரவுக் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் அது இரவில் சுரந்தது. இந்த ஒன்றை மட்டும் நிறையப் பேர் பகலில் சேர்த்துவிடுகிறார்கள்.

அப்பாவின் ஒரு நாள் கணக்கு இது. இரவில் 250, 280, 220, 250, காலை எழுந்ததும் 200, ஆக 1,200 மி.லி. அந்த 24 மணி நேரத்தின் மொத்தமே 1,900 மி.லி. தான். நூற்றுக்கு 63 பங்கு இரவில் போயிருக்கிறது! 65 வயது தாண்டியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனாலே அதிகம் என்று கணக்கு. இளைஞர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கே எல்லை.

இந்த நோட்டு மூன்று கதைகளில் ஒன்றைச் சொல்லும். ஒன்று, அப்பாவுடையது போல: ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது, ஆனால் இரவில்தான் அதிகம். சிறுநீர்ப்பை சரியாகத்தான் பிடித்துவைக்கிறது, சிறுநீரகம்தான் இரவில் ஓவர்டைம் பார்க்கிறது. இரண்டு, ஒவ்வொரு தடவையும் 80, 100 மி.லி. தான் போகிறது, அடிக்கடி வருகிறது. இங்கே சிறுநீர்ப்பையில் அல்லது அதன் வாயில் கோளாறு: ப்ராஸ்டேட் அழுத்துவது, பை சும்மா சும்மா சுருங்குவது, கிருமித் தொற்று, முழுசாகக் காலியாகாமல் மிச்சம் தங்குவது. மூன்று, பகலும் இரவும் சேர்த்து மொத்தமே ரொம்ப அதிகம். உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி. கணக்கில், 60 கிலோ ஆளுக்கு 2,400 மி.லி. தாண்டினால் முதலில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், பிறகு எவ்வளவு குடிக்கிறார் என்பதை. ஒருவருக்கே இரண்டு கதை கலந்தும் இருக்கலாம், வயதானவர்களுக்கு அதுதான் சகஜம்.

நோட்டில் இன்னொன்றும் தெரியும். அப்பா எட்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவர். ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருந்தால் இரண்டு தடவை வருவது நோயே இல்லை, நேரக் கணக்கு. சிலருக்கு வேறு எதனாலோ தூக்கம் கலைகிறது, கலைந்ததால் போகிறார்கள். மூட்டு வலியோ, கவலையோ, குறட்டையோ எழுப்பிவிட்டிருக்கும், பழி சிறுநீர் மேல் விழுகிறது.

## வழி 1: தண்ணீர், காபி, உப்பு, மாத்திரை நேரம்

எல்லாரும் முதலில் செய்வது தண்ணீரை நிறுத்துவது. பாதி சரி. படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பிருந்து குறைப்பது நியாயம்தான். ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொம்பை எடுத்து ஒளித்துவைக்கிற வீடுகள் இருக்கின்றன. வாய் வறண்டு படுத்திருக்கிற வயதானவரிடம் அதைச் செய்யாதீர்கள். கத்திரி வெயில் சமயத்தில், அதுவும் சர்க்கரை உள்ளவருக்கு, மொத்தத் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கல், சிறுநீரகத்துக்குக் கெடுதல் என்று மறைமுகச் செலவு வரிசையாக வரும். குறைக்க வேண்டியது மொத்த அளவை இல்லை, குடிக்கும் நேரத்தை மாற்ற வேண்டும். காலையிலும் மதியத்திலும் நன்றாகக் குடித்துவிட வேண்டும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இது தலைகீழாக நடக்கிறது. வேலை இடத்தில் கழிப்பறை சரியில்லை என்று பகல் முழுக்கக் குடிக்காமல் அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஏழு மணிக்கு மேல் ஒரு லிட்டர் குடிக்கிறார்கள். ராத்திரி எழத்தானே வேண்டும்?

வீட்டு வைத்தியத்திலும் நேரத்தைப் பார்க்க வேண்டும். வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம் எல்லாம் நீர் நன்றாகப் பிரிய வேண்டும் என்றுதான் குடிக்கிறோம். “சிறுநீர்க் கோளாறுக்கு நல்லது” என்று அதையே ராத்திரி படுக்கப் போகும்போது கொடுத்தால் எப்படி? காபி, டீ மதியத்தோடு போதும். தர்பூசணியும் அப்படித்தான்.

உப்பைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உப்பு தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. பகலில் நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்த நீர் காலில் இறங்கித் தங்குகிறது. படுத்ததும் மேலே ஏறி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்துக்கு வந்து சேர்கிறது. ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 321 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியே வந்தது. நாளைக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமாக உப்பைக் குறைத்தவர்களுக்கு இரவு எழுவது சராசரியாக 2.3இலிருந்து 1.4ஆக இறங்கியது. உப்பு கூடிப்போனவர்களுக்கு 2.3 என்பது 2.7 ஆனது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. நம் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: மோர் சாதத்துக்கு ஊறுகாய், கூடவே அப்பளம், இல்லை மோர் மிளகாய், சில நாள் கருவாடு. அப்பா ராத்திரி ஊறுகாயை விட்டதற்கு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மதியத்துக்கு ஒரு துண்டு என்று சமாதானம் ஆனோம்.

கால் வீங்குகிறவர்களுக்கு இன்னொரு எளிய வேலை: மதியம் மூன்று, நாலு மணிக்கு ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுப்பது. காலில் தங்கிய நீர் பொழுதோடு வெளியே போய்விடும்.

மாத்திரை நேரம் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும், ஆனால் கேட்க வேண்டும் என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. ரத்தக் கொதிப்புக் கூட்டு மாத்திரைகளில் பெயருக்குக் கடைசியில் ‘எச்’ என்று வருபவற்றில் பெரும்பாலும் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்திருக்கும். அதை ராத்திரி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுவதால் நீரும் கூடப் போகும், அதைக் காலையில் சாப்பிடுவதுதான் வழக்கம். இதய நோயாளிகள் சாப்பிடும், நீர் பிரிக்கும் மருந்தான ஃபுரோசமைடைச் சிலருக்கு மதியத்துக்கு மாற்றிக்கொடுப்பார்கள், படுப்பதற்குள் அதன் வேலை முடிந்துவிடும். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள்.

செலவு ஏறக்குறைய இல்லை, இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். காரணம் பழக்கத்தில் இருந்தால் இதுவே போதும். இல்லை என்றால் இதிலேயே ஆறு மாதம் ஓட்டி, உள்ளே இருப்பதை முற்றவிட்டுவிடுவோம்.

## வழி 2: பொது மருத்துவரிடம் போய்க் காரணத்தைத் தேடுவது

நான் இதைத்தான் முதல் வழியோடு சேர்த்து, அதே வாரத்தில் செய்யச் சொல்வேன்.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சோடியம் பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அழுத்தம், கால் வீக்கம். தேவைப்பட்டால் ஸ்கேனில் சிறுநீர் போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. வேலை அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகளில் இவற்றில் பலதும் இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது இரவு எழுவதையும் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்த தவறு, வருடக்கணக்காக வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்தது. அது எப்போதும் 118, 122 என்று வரும், நிம்மதியாக இருப்போம். எச்பிஏ1சி எடுத்தபோது 7.8. ராத்திரி மூன்று தோசையும் சட்னியும் சாப்பிட்ட பிறகு சர்க்கரை 200ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுசாகத் தடுத்து நிறுத்த முடியாது, சிறுநீரில் வழியும், வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். 2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின் கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல். இவர்களில் தனக்கு இருப்பதே தெரியாதவர்களுக்கு இந்த இரவு எழுதல்தான் முதல் தகவலாக வந்திருக்கலாம்.

அடுத்து அந்த டாக்டர் அப்பாவிடம் கேட்டது, “ஐயா, சாயங்காலம் செருப்பு இறுக்கமா இருக்கா?” இருந்தது. சாக்ஸ் போட்டால் தடம் விழுந்தது. அம்லோடிபினை மாற்றினார், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார், அது நன்றாக இருந்தது. தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு மூன்று தலையணை வேண்டியிருக்கிறது என்பவர்களுக்கு இந்தப் படி ரொம்ப முக்கியம். பலவீனமான இதயத்தின் வேலை சிலருக்கு இரவில் இப்படி வெளியே தெரியும்.

மூன்றாவது கேள்வி குறட்டை. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்று நாம் நினைக்கிறோம். தொண்டை அடைத்து மூச்சு நின்று, திணறி மறுபடி வரும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதயத்தின் மேலறை இழுபடுகிறது. அதிகமாக ரத்தம் வந்துவிட்டது என்று இதயம் தப்பாக எண்ணிக்கொண்டு, உப்பையும் நீரையும் வெளியேற்று என்று சிறுநீரகத்துக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பவர்களுக்குக் காற்றை அழுத்திச் செலுத்தும் முகமூடிக் கருவி பொருத்தினால் பலருக்கு இரவு எழுவதும் குறைகிறது. பருத்த கழுத்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது, அடங்காத ரத்தக் கொதிப்பு, இவை இருந்தால் 45 வயதுக்காரருக்கும் இதைக் கேளுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு அலைச்சல். சர்க்கரைக்கு ஒரு நாள், எக்கோவுக்கு ஒரு நாள், தூக்கப் பரிசோதனைக்கு ஒரு இரவு. கூடவே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வாரங்கள், மாதங்கள் ஆகும், இன்றைக்கு ராத்திரியே குறையாது. ஆனால் இரவுக்கு மட்டுமில்லாமல் அடுத்த பத்து வருடத்துக்கும் பலன் தருவது இது ஒன்றுதான்.

## வழி 3: ப்ராஸ்டேட், சிறுநீர்ப்பை மாத்திரைகள், அறுவை சிகிச்சை

யாருக்குச் சரி? நோட்டில் அளவு சின்னச் சின்னதாக இருந்து, பகலிலும் சிறுநீர்த் தாரை மெலிந்து, முக்கிப் போய், போன பிறகும் இன்னும் இருக்கிற மாதிரி இருந்தால் சிறுநீரக அறுவை நிபுணரிடம் போவதுதான் சரி, தள்ளிப்போடக் கூடாது.

டாம்சுலோசின் மாதிரி ப்ராஸ்டேட் மாத்திரைகள் சில நாளிலேயே தாரையைச் சரி செய்யும். ஆனால் இரவு எழுவதில் மட்டும் பலன் சிறிது, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் வித்தியாசம் சராசரியாக ஒரு தடவைக்கும் குறைவு. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். நாலு தடவை இருட்டில் எழுகிற ஆளுக்கு இது என்ன செய்யும் என்பதை நாங்கள் நிலைப்படியில் பார்த்தோம். கண்புரை அறுவை சிகிச்சை செய்ய இருப்பவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், கருவிழி தளர்ந்து ஆபரேஷனில் சிக்கல் வரலாம். ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு சுரப்பியையே சுருக்கும், ஆறு மாதமாவது ஆகும். ப்ராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற ரத்த அளவைப் பாதியாகக் காட்டிவிடும் என்பதால் புற்றுநோய்ப் பரிசோதனையில் டாக்டர் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

சிறுநீர்ப்பையை அடக்கும் ஆக்சிபியூட்டினின், சொலிஃபெனாசின் வகையில் வாய் வறட்சியும் மலச்சிக்கலும் வரும். வாய் வறண்டால் மறுபடி தண்ணீர் குடிப்பார்கள். வயதானவர்களுக்கு நினைவு குழம்பலாம். மிராபெக்ரான் அந்தக் குழப்பத்தைத் தராது, ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும்.

ப்ராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தாரை பிரமாதமாக இருக்கும், முக்கல் போகும். எல்லாத் தொல்லைகளிலும் குறைவாகச் சரியாவது இரவு எழுவதுதான். “ராத்திரி எழுந்திருப்பதற்காக” என்று மட்டும் அந்த ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு ப்ராஸ்டேட்டே இல்லை, ஆனால் இரவு எழுவது அவர்களுக்கும் ஆண்களைப் போலவே இருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு பையும் இடுப்புத் தசையும் தளர்வதால் வருவதற்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சி நல்ல முதல் வழி, சரியாகச் சொல்லிக்கொடுத்துச் செய்தால் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் தெரியும். நம் அம்மாக்கள் இதைச் சொல்வதே இல்லை, அதுதான் பெரிய தடை. நீங்களாகக் கேளுங்கள்.

## வழி 4: இரவில் நீர் சுரப்பதையே குறைக்கும் மருந்து

நம் உடம்பில் இரவில் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் ஒன்று கூடுகிறது. வயதானால் அந்த இரவு ஏற்றம் மங்கிவிடுகிறது. அதன் வேலையைச் செய்வது டெஸ்மோபிரஸ்ஸின். சில நாளிலேயே பலன் தெரியும், ஆசையாக இருக்கும். ஆனால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடலாம், ஆபத்தான அளவுக்கும் இறங்கலாம்: தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு வரை. அமெரிக்காவில் 2017இல் இரவுச் சிறுநீருக்கான மூக்கு ஸ்பிரேவை அனுமதித்தபோதே இதற்காகக் கடுமையான எச்சரிக்கையோடுதான் அனுமதித்தார்கள். அங்குள்ள முதியோர் மருத்துவர்கள் போட்டிருக்கும் மருந்துப் பட்டியல், வயதானவர்களுக்கு இதைத் தவிர்க்கச் சொல்கிறது. இதயம் பலவீனமானவர், சிறுநீரகம் கெட்டவர், நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் பக்கமே போகக் கூடாது.

சோடியத்தை முன்னாலும், முதல் வாரத்திலும், ஒரு மாதத்திலும் பார்க்க முடிகிறவர், சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் கட்டுப்படுத்த முடிகிறவர், வயதில் இளையவர், மற்ற காரணங்கள் எல்லாம் பார்த்து முடித்தவர், அவருக்கு டாக்டர் கொடுத்தால் சரி. கடையில் பெயர் சொல்லி வாங்கும் மருந்து இல்லை இது.

## வழி 5: எழட்டும், விழாமல் போய் வரட்டும்

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எண்பது வயதில் பலவீனமாக இருப்பவருக்கு, நாலு தடவையை மூன்றாக்குவதை விட, நாலு தடவையும் பத்திரமாகப் போய் வருவது முக்கியம். தரையில் வெளிச்சம் விழும் சின்ன விளக்கு, ஈரமில்லாத குளியலறை, வழியில் மிதியடி இல்லாமல் பார்த்துக்கொள்வது, சுவரில் பிடி, உள்தாழ்ப்பாள் போடாமல் சாத்துவது, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது, ஆண்களும் உட்கார்ந்தே போவது. கழிப்பறை கொல்லையில் இருந்தால் கட்டிலடியில் யூரின் பாட்டில், பெண்களுக்குக் கமோடு நாற்காலி.

மறைமுகச் செலவு மானம் சம்பந்தப்பட்டது. அப்பா பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்றார். காலையில் அதைக் கழுவி வைக்கப்போவது அம்மா என்பதுதான் அவர் மறுத்ததற்குக் காரணம் என்று பிறகு புரிந்தது. அவரே கழுவி வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அது கட்டிலடிக்கு வந்தது. காரணத்தை இந்த வழி தொடவே தொடாது, ஆனாலும் வேறு எந்த வழியில் போனாலும் அன்றைக்கு ராத்திரியே இதைச் செய்துவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணத்தைத் தொடுமா | பலன் தெரிய | மறைமுகச் செலவு | யாருக்கு முதலில் |
|---|---|---|---|---|
| பழக்கம், உப்பு, மாத்திரை நேரம் | சிலருக்கு முழுசாக | 2 வாரம் | தண்ணீரை அதிகம் குறைத்தால் வறட்சி | எல்லாருக்கும் |
| பொது மருத்துவர், பரிசோதனை | ஆம் | வாரங்கள், மாதங்கள் | அலைச்சல், காத்திருப்பு | இரவில்தான் அதிகம் அல்லது மொத்தமே அதிகம் போகிறவர் |
| ப்ராஸ்டேட், பை மாத்திரை | பையில் கோளாறு என்றால் மட்டும் | சில நாள் முதல் 6 மாதம் | தலைசுற்றல், வாய் வறட்சி, குழப்பம் | அளவு குறைவு, தாரை மெலிவு உள்ளவர் |
| டெஸ்மோபிரஸ்ஸின் | பெரும்பாலும் இல்லை | சில நாள் | சோடியம் இறக்கம், தொடர் ரத்தப் பரிசோதனை | கடைசியாக, டாக்டர் கண்காணிப்பில் |
| பத்திரமான ஏற்பாடு | இல்லை | அன்றே | கூட இருப்பவர் உழைப்பு, கூச்சம் | விழும் அபாயம் உள்ள எல்லாருக்கும் |

## எங்கே இந்த ஒப்பீடே தேவையில்லை

சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைத்துக்கொண்டு வராமல் அடிவயிறு கல் மாதிரி ஆவது, காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று கால் வீங்கி மூச்சு வாங்குவது, தாகமும் எடைக் குறைவும் சேர்ந்து வருவது, முதுகு வலியோடு கால் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டும் வேண்டாம், மக்கும் வேண்டாம், அன்றே மருத்துவமனை. கர்ப்பிணிகள் அடிக்கடி எழுவது இயல்புதான், எரிச்சல் இருந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

## எங்கள் வீட்டில் எங்கே நிற்கிறது

அப்பாவுக்கு ஒன்று, இரண்டு, ஐந்து ஆகிய மூன்று வழிகள்தான். நண்பர் சொன்ன மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். ராத்திரி தோசை மூன்று ஒன்றரையாகி, கூடப் பருப்பும் காயும் சேர்ந்தன. எச்பிஏ1சி நாலு மாதத்தில் 6.9க்கு வந்தது. மதியம் கால் உயர்த்திப் படுக்கும்போது ரேடியோ கேட்பது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. இப்போது இரண்டு தடவை எழுகிறார், சில நாள் ஒரே தடவை. அம்மா மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்குகிறார்.

குறட்டைக்கான தூக்கப் பரிசோதனை மட்டும் பாக்கி. “நான் எங்கே குறட்டை விடுறேன்?” என்று ஆறு மாதமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். போன வாரம் அம்மா ஃபோனில் பதிவு செய்து காலையில் காபியோடு போட்டுக் காட்டினார். நடுவில் ஓர் இடத்தில் சத்தமே இல்லாமல் இருந்து, திணறிக்கொண்டு மூச்சு திரும்ப வந்தது. அப்பா அந்த இடத்தை இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.